கலங்கினா இன்னா

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை.
டேலி ஷீட்டின் பின்பக்கம்
நாளைக்கான வார்த்தையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
வாரத்தில் ஆறு நாள்
துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணுகிறவன்.
ஏழாம் நாள் எண்ணினால் இருபத்து மூன்று பேர்,
தேவஇரக்கம் அண்ணன் விழித்திருந்தால்.

லேத் பட்டறைக்கு மேலே எங்கள் சபை.
வாடகை ஏழாயிரம், கரண்ட் தனி.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஓனர் சொன்னதால்
சிலுவை ஜன்னலில் சாய்ந்து நிற்கிறது.
காற்றடித்தால் கவிழும்.
யாராவது எழுந்து போய் நிமிர்த்துவார்கள்,
பாட்டு நிற்காது.

பத்து வாரமாய் ஒரே சொல்லைத்தான்
திருப்பித் திருப்பித் தந்திருக்கிறேன் போல.
எனக்கே தெரியவில்லை.
போன ஞாயிறு காணிக்கைப் பையை மடித்துக்கொண்டே
எப்சிபா சொன்னாள்:
"எப்பப் பாரு கலங்காதீங்க, கலங்காதீங்கன்றீங்க பாஸ்டர்.
கலங்கினா இன்னா?"

கோபமில்லை அந்தக் குரலில்.
காசிமேட்டில் மீனை விரலால்
அழுத்திப் பார்ப்பாளே,
அந்த மாதிரி.
செவ்வாய், வியாழன், சனி
அவள் புருஷனுக்கு ஸ்டான்லியில் டயாலிசிஸ்.
நடுவில் மிச்சமிருக்கிற நாட்களில் இறால் உரிக்கிறாள்.
விரல் நுனியில் ரேகை தேய்ந்து
ரேஷன் கடை மிஷின்
அவளை அவள் இல்லை என்கிறது.

நான் விடவில்லை. பழக்கதோஷம்.
"கலங்கின தண்ணியை அசைக்காம வெச்சுப் பாரும்மா,
தானாத் தெளியும்" என்றேன்.
"எங்க தெருத் தண்ணி தெளியாது பாஸ்டர்.
ஒரு ராத்திரி வெச்சா மேல எண்ணெயாட்டம் படியுது.
துணியில வடிகட்டி
கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறோம்."
சொல்லிவிட்டு
பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கி
மூலைக்குத் தள்ளினாள்.

இந்த வாரம் முழுக்க
கிரேன் இறக்கிய ஒவ்வொரு பெட்டியிலும்
அந்தக் கேள்வி சீல் வைத்து வந்தது.

நாலு தடவை எழுதினேன், நாலு தடவை அடித்தேன்.
பொறுமை என்று எழுதினால்
உரக் கம்பெனியில் கான்ட்ராக்ட் போன ஏசுபாதம்.
நம்பிக்கை என்று எழுதினால்
புழலில் மனு போட்டு மகனைப் பார்க்க
வெயிலில் வரிசை நிற்கும் சொர்ணம்.
வார்த்தைக்கு முன்னால்
ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆண்டவரே,
சிநேகிதன் கல்லறை வாசலில்
நீரும் கலங்கித்தானே நின்றீர்.
அந்த இடத்தை மட்டும் ஏன்
எப்போதும் வேகமாய் வாசித்துத் தாண்டினேன்?

ஞாயிறு.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
அந்தப் பக்கம் பாதிச் சபை,
இந்தப் பக்கம் நான், கையில் ஹால் சாவி.
சரக்கு ரயில் போகிறது, போய்க்கொண்டேயிருக்கிறது.
எண்ணுவது கை விடாத பழக்கம்:
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
வேகனுக்கும் வேகனுக்கும் நடுவே
ஒரு கீற்றாய் எப்சிபா.
அடுத்த கீற்றில் அவள் இடுப்பில் ஒரு கேன்.
அடுத்ததில் வெறும் வானம்,
குனிந்து செருப்பைச் சரிசெய்கிறாள் போல.

பத்தரைக்கு ஆரம்பிக்க வேண்டியது
பதினொன்று ஐந்துக்கு ஆரம்பித்தது.
மேடை என்று ஒன்று கிடையாது,
ஃபேனுக்குக் கீழே நின்றேன்.
"இந்த வாரம் கலங்குங்க" என்றேன்.
மேற்கொண்டு எழுதி வைத்திருந்த எதுவும் வரவில்லை.

கீழே லீவு நாளிலும் யாரோ லேத் ஓட்டினார்கள்.
இரும்பு சீவும் சத்தம்.
சொர்ணம் முதலில்.
பிறகு, ஒருத்தரும் எதிர்பார்க்காமல்,
தேவஇரக்கம் அண்ணன், தோளெல்லாம் குலுங்க.
ஜன்னலில் சிலுவை கவிழ்ந்தது.
யாரும் எழுந்திருக்கவில்லை.
எவ்வளவு நேரம் என்று
முதல் தடவையாய் நான் எண்ணவில்லை.

எப்சிபா அழவில்லை.
கேனைத் திறந்து
ஒரே டம்ளரில் ஊற்றி ஊற்றி
வரிசையாய்க் கொடுத்துக்கொண்டு வந்தாள்.
எனக்கும் கொடுத்தாள்.
கொதிக்க வைத்த தண்ணி.
இன்னும் முழுசாய் ஆறியிருக்கவில்லை.